தலைப்பெழுத்தை எழுதியவர் யார்?

வடிவமைப்புக் கல்லூரி ஒன்றின் ஆண்டிறுதிக் கண்காட்சிக்குச் சென்ற ஏப்ரலில் எங்களில் மூவர் போயிருந்தோம். நண்பர் ஒருவரின் மகன் அங்கே பயில்கிறான்; அவனுடைய அழைப்பைத் தட்ட முடியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கவிதையும் சிறுகதையும் வாசித்துப் பழகிய நமக்கு இங்கே என்ன வேலை என்ற எண்ணத்துடன்தான் உள்ளே நுழைந்தோம். நண்பரின் மகன் பழச்சாற்றுப் புட்டி ஒன்றுக்குப் புதிய உறை வடிவமைத்திருந்தான். நன்றாகவே இருந்தது. அவன் எங்களை மன்னிக்க வேண்டும்; இக்கட்டுரை அவனைப் பற்றியதன்று.

அவனுக்கு இரண்டு தடுப்புகள் தள்ளி ஒரு மாணவியின் இடம். காட்சித் தொடர்பு வடிவமைப்பில் இறுதியாண்டு. கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடையே ஒரு கரிசல் ஊர் அவருடையது. அவருடைய பெயரையும் ஊர்ப் பெயரையும் அவர் விருப்பப்படியே இங்கு தவிர்க்கிறோம். நான்காண்டுப் படிப்பில் செய்தவற்றுள் மூன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார். மூன்றும் அவர் வளர்ந்த வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் எடுத்தவை. கூடவே, தான் வளர்ந்த கதையை எழுதிய நாற்பது பக்கக் கைப்பிரதி ஒன்று, சாக்குநூலால் தைத்து, மேசையில் கிடந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அன்று அந்தக் கண்காட்சி முழுவதும் பாட்டிகளால் நிறைந்திருந்தது. பாட்டியின் அஞ்சறைப்பெட்டி, பாட்டியின் சுங்குடிச் சேலை, பாட்டி போட்ட கோலம், தாத்தாவின் ஸ்கூட்டர். சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு திட்டப்பணி செய்து வா என்று பணித்தால் இருபத்தொரு வயதில் ஒருவர் வேறு எங்கேதான் போவார்? இளமைப் பருவத்தைக் கச்சாப் பொருளாக்கி, அதற்கொரு கருத்துரையும் எழுதித் தருவது இன்றைய வடிவமைப்புக் கல்வியின் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. கருத்துரை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஆகவே அந்த மாணவியின் மேசையருகே நாங்கள் நின்றபோது எங்களுக்குள் ஓர் அலுப்பு இருந்தது. அது நீங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

முதல் பணி தீப்பெட்டி லேபிள்கள். அவருடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். சிறுமியாக இருந்தபோது ஒரு பழைய கணக்கு நோட்டில் இவர் ஒட்டிவைத்த லேபிள்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் படங்களின்படி வகைப்படுத்தாமல், எழுத்துகளின்படி வகைப்படுத்தியிருந்தார். தமிழ்நாட்டின் கரிசல் மண்ணில் செய்த பெட்டிகள். ஆனால் நோட்டில் ஆங்கிலமும் இந்தியும்தான் பெரும்பான்மை, தமிழ் அபூர்வம். சரக்கு போய்ச்சேரும் ஊரின் மொழியே லேபிளின் மொழி. ‘எங்கள் ஊரில் முதலில் பார்த்த இந்தி எழுத்தை நான் எதிர்க்கவும் இல்லை, படிக்கவும் இல்லை, பசை தடவி ஒட்டினேன்’ என்று கைப்பிரதியில் ஒரு வரி. எங்களில் ஒருவர் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார்.

இரண்டாவது பணி ஒரு பிளாஸ்டிக் குடம். இதற்குச் சிறு முன்கதை உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் வந்து 1958-இல் ஓர் அறிக்கை அளித்தார்கள். அதன் வழியாகத்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது. அந்த அறிக்கையில் நம் நாட்டுச் சொம்பைப் பற்றிய பகுதி புகழ்பெற்றது. தனியொரு மனிதன் அதை வடிவமைக்கவில்லை, தலைமுறைகள் கூடிச் செய்தன என்று வியந்திருப்பார்கள். இந்தியாவில் வடிவமைப்பு பயிலும் மாணவர் எவரும் முதலாண்டில் அந்தச் சொம்பைக் கடக்காமல் போவது அரிது. இந்த மாணவி சொம்பை விட்டுவிட்டுத் தன் தெருக்குழாயில் வரிசையில் நின்ற பச்சைக் குடத்தை வரைந்திருந்தார். வீட்டில் யாரும் வர முடியாத நேரத்தில் குடம்தான் வரிசையில் இடம்பிடித்து நிற்கும். யார் குடம் என்று சண்டை வராமலிருக்க, தெருவிலுள்ள எல்லாக் குடங்களிலும் அவருடைய அப்பா வீட்டுத் தலைவரின் முதலெழுத்தை எனாமல் பெயிண்டில் எழுதிக் கொடுத்திருந்தாராம். மு, ச, பே, மறுபடியும் மு. இரண்டாவது ‘மு’வுக்கு மட்டும் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டைக் காட்டி, ‘நான் கண்ட முதல் வடிவமைப்பு இது’ என்று எழுதியிருந்தார். பணி என்ற அளவில் இது மூன்றிலும் மெலிந்தது. படங்கள் அவசரத்தில் வரைந்தவை. ஆனால் மூன்றாவதற்குக் கதவு திறந்தது இந்தக் குடம்தான்.

அப்பா போர்டு எழுதுபவர். இன்னும் சரியாகச் சொன்னால், எழுதிக்கொண்டிருந்தவர். பதினான்கு வயதில் ஒரு வாத்தியாரிடம் தொழிலுக்குப் போய், கடைப்பலகை, பள்ளிச் சுவர், வண்டி நம்பர், கல்யாண வீட்டுத் துணிப் பதாகை, தேர்தலுக்குத் தேர்தல் கட்சிச் சுவர் என்று எழுதிப் பிழைத்தவர். 2000-த்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஃப்ளெக்ஸ் அச்சு சிற்றூர்வரை வந்து சேர்ந்தது. ஒரு நாளில் எழுதும் பலகையைச் சில நிமிடங்களில், முகம் சிரிக்கும் புகைப்படத்தோடு, இயந்திரம் துப்பித் தந்தது. இப்போது அவர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்குப் போகிறார். பிரஷ் அதே கையில்தான் இருக்கிறது, அகலம்தான் கூடிவிட்டது என்று மகள் எழுதியிருப்பது எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கைப்பிரதியில் உணர்ச்சியை விளக்கும் பக்கங்கள் எல்லாமே இப்படித்தான், கொஞ்சம் பேசிக் கெடுக்கின்றன. விளக்காமல் விட்ட பக்கங்கள் வேறு வகை. எட்டாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவை அழைத்தபோது, கையை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிவிட்டு வரச்சொன்னதையும், அவர் வந்து கூட்டம் முடியும்வரை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நின்றதையும் நான்கே வரிகளில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். அடுத்த பத்தி பெயிண்டில் டர்பன்டைன் எவ்வளவு கலப்பது என்பதைப் பற்றியது.

மூன்றாவது பணி அப்பாவின் எழுத்துகளைத் தொகுத்த சுவரளவு அட்டவணை. தமிழின் 247 எழுத்துகளுக்கும் கட்டம் போட்டு, ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்னும் அழியாமலிருக்கும் அப்பாவின் பலகைகளிலிருந்தும் சுவர்களிலிருந்தும் ஒவ்வோர் எழுத்தாகப் படமெடுத்து, அளந்து, வரைந்து நிரப்பியிருந்தார். தமிழுக்கு எழுத்துரு செய்வதிலுள்ள சிரமம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கால், கொம்பு முதலியவற்றைத் தனியே வரைந்து மெய்யோடு ஒட்டவைத்துவிடலாம். உகர, ஊகார வரிசைகளில் அது நடக்காது. கு, சு, டு, மு, று என்று ஒவ்வொன்றும் தன் வழியில் வளைகிறது. 36 வடிவங்களையும் தனித்தனியே வரைந்தாக வேண்டும். ஒரு போர்டு எழுத்தாளர் அவற்றையெல்லாம் வாழ்நாளில் எழுதியிருப்பாரா? மு, கு, து, ரு எங்கும் கிடைக்கும். ‘ஔ’ ஒரு பள்ளிச் சுவரில் ஔவையாருக்காக ஒருமுறை. ஙு எந்தக் கடையின் பெயரில் வரும்? அட்டவணையில் அக்கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. தேர்வாளர்கள் இதை முழுமையின்மை என்று குறித்தார்களாம்.

எங்களை அங்கே நிறுத்திவைத்தது லைகாரக் கட்டம். அதில் இரண்டு லை இருந்தன.

1978 அக்டோபரில் தமிழக அரசு பிறப்பித்த எழுத்துச் சீர்திருத்த ஆணை 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்டு வந்தவற்றில் ஒரு பகுதி அப்படி அரசின் எழுத்தானது. ணா, றா, னா முதலியவை கால் பெற்றன. ணை, லை, ளை, னை தம் துதிக்கையை இழந்து, மற்ற எழுத்துகளைப்போல முன்னால் இணைக்கொம்பு வாங்கிக்கொண்டன. நம் இலக்கிய உலகம் இதைப் பற்றி எழுதியதெல்லாம் ஆதரவாகவோ எதிர்ப்பாகவோதான். மாணவியின் அப்பா பள்ளியில் புதிய எழுத்தைக் கற்றவர். தொழில் கற்றுத் தந்த வாத்தியாரோ பழைய எழுத்துக்காரர். ஆகவே அவர் கையில் இரண்டும் இருந்தன. எப்போது எது? பலகைகளை அளந்து பார்த்து மாணவி கண்டுபிடித்தது இது: இடம் தாராளமாக இருந்தால் புதிய லை, குறுகினால் துதிக்கை லை. கொம்பு தனியாக நிற்கும் புதிய வடிவம் அதிக அகலம் கேட்கிறது. துதிக்கை லகரத்தின் தலைமேலேயே ஏறிவிடுகிறது. ‘அரிசி ஆலை’ என்ற பலகையில் கதவு நிலை குறுக்கிட்டதால் துதிக்கை. அதே ஆண்டில் எழுதிய பள்ளிச் சுவரில் தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றதால் இணைக்கொம்பு. கொள்கை இல்லை, பிடிவாதம் இல்லை. நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டபின் மிஞ்சும் இடம்தான் முடிவுசெய்திருக்கிறது.

வழிகாட்டும் ஆசிரியர், ஏதாவது ஒன்றை வைத்துக்கொள், எழுத்துருவில் இரண்டு லை குழப்பம் என்றாராம். மாணவி மறுத்துவிட்டார். ஓப்பன்டைப் தொழில்நுட்பத்தில் ஓர் எழுத்துக்கு மாற்று வடிவம் வைப்பது இன்று எளிது என்பதைச் செய்தும் காட்டியிருக்கிறார். எங்கள் பார்வையில் அந்தக் கண்காட்சியில் வளர்ந்தவர் ஒருவர் எடுத்த முடிவு அதுதான். அப்பாவைப் போற்றுவது எளிது; கண்காட்சியில் நாற்பது பேர் போற்றியிருந்தார்கள். அப்பா ஏன் அப்படி எழுதினார் என்று அளவுகோலை வைத்துக் கேட்டவர் இவர் ஒருவர். இளமையை நினைத்து ஏங்குவதற்கும் அதைப் படிப்பதற்கும் உள்ள தூரம் அந்த ஒரே கட்டத்தில் தெரிந்தது.

கணினியில் தட்டிப் பழகிய நம் கண்கள் இழந்தது என்ன என்பதையும் அவருடைய அட்டவணை சொல்லாமல் சொல்கிறது. ஃப்ளெக்ஸ் பதாகையில் இடம் மிகுந்தால் எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடுவார்கள். நெடுங்கோடுகள் தடித்துப் போகும், கிடைக்கோடுகள் அப்படியே இருக்கும். எழுத்து நோயாளியின் முகம்போல் உப்பிக்கிடக்கும். தட்டைப் பிரஷ்காரர் அகலமாக எழுதும்போது வளைவைத்தான் அகட்டுவார், கோட்டின் பருமன் மாறாது. நாம் தினமும் கடந்துபோகும் உப்பிய எழுத்துகளைப் பற்றி எந்த இலக்கியக் கூட்டத்திலும் ஒருவரும் முறையிட்டதில்லை. ஒற்றுப்பிழைக்கு மட்டும் குதிப்போம்.

எங்களில் யாருக்கும் இந்த மாணவியின் முடிவுகள் அனைத்தும் உடன்பாடு என்று பொருளில்லை. வெற்றுக் கட்டங்களை அப்படியே விட்டதில் எங்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அப்பா உயிரோடு, வேலை செய்யும் கையோடு இருக்கிறார். எழுதாத எழுத்துகளை எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கலாமே? கேட்டாராம். “இல்லாத கடைக்கு எதுக்குத்தா போர்டு?” என்று சிரித்துவிட்டாராம். அந்தப் பதில் அழகாக இருக்கிறது என்பதற்காகவே மகள் அத்தோடு நிறுத்திக்கொண்டார் என்று நாங்கள் சந்தேகிக்கிறோம். ஓட்டை விழுந்த எழுத்துத் தொகுதியைச் சுவரில் மாட்டிவைக்கலாம்; ஒரு சிறுகதையை அதில் அச்சிட முடியாது. இன்னொருமுறை கேட்கச் சொன்னோம்.

முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. குஜராத்தில் பிறந்து, பரோடாவில் நுண்கலை பயின்ற ஹனீஃப் குரேஷி, சிறுவயதில் தன்னைக் கவர்ந்த தெரு ஓவியர்களின் எழுத்துகளைத் தேடிப்போய்க் கணினி எழுத்துருக்களாக்கினார். அவற்றுக்குப் ‘பெயிண்டர் கஃபீல்’, ‘பெயிண்டர் உமேஷ்’ என்று எழுதியவர் பெயரையே சூட்டினார். குரேஷி 2024 செப்டம்பரில் காலமானபோது இந்திய வடிவமைப்பு உலகம் பெரிதும் வருந்தியது. தமிழ்ச் சிற்றிதழ்களில் ஓர் அஞ்சலியும் எங்கள் கண்ணில் படவில்லை. கையெழுத்தின் சாய்வோடு ‘கவிவாணர்’ என்ற தமிழ் எழுத்துருவைச் செய்தவர் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ். கட்டுமரத்தின் பெயர்தாங்கிய ‘கட்டமரான்’ எழுத்துரு பிரியா ரவிச்சந்திரனுடையது. இவற்றை நம்மில் பலர் தினமும் வாசித்துக்கொண்டே இருக்கிறோம். செய்தவர் யார் என்று கேட்டதுண்டா?

ஒரே ஒருமுறை கேட்டோம். 2010 ஜூலை 15 அன்று ரூபாய்க்கான குறியீட்டை மத்திய அமைச்சரவை ஏற்றபோது, அதை வடிவமைத்தவர் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில்துறை வடிவமைப்பு மையத்து ஆய்வு மாணவரான தமிழர் உதயகுமார் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் அக்குறியீட்டுக்குப் பதில் ‘ரூ’ என்று போட்டபோது மறுபடி அவர் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது. இரண்டு முறையும் தேவநாகரியைப் பற்றிப் பேசினோம், அரசியலைப் பற்றிப் பேசினோம். பேசவும் வேண்டியதுதான். ஆனால் அந்த மனிதர் அதே மையத்தில் முதுகலை மாணவராக இருந்தபோது ‘பராசக்தி’ என்றொரு தமிழ் எழுத்துருவைச் செய்தவர், தமிழ் அச்செழுத்து அவரது தனிப்பட்ட அக்கறை என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாம் பேசவில்லை. ‘ரூ’ என்ற எழுத்தின் சுழிப்பு அந்த இலச்சினையில் நன்றாக அமைந்ததா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

கே.எம். ஆதிமூலம் (1938–2008) இதற்கு விலக்கு. சிற்றிதழ்களுக்கும் நவீன இலக்கிய நூல்களுக்கும் அவர் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளை நாம் அடையாளம் காண்போம், பெயரையும் சொல்வோம். ஓவியர் என்பதனால் அந்த மரியாதை. கே.சி.எஸ். பணிக்கர் 1960-களில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில், வாசிக்க முடியாத எழுத்துபோன்ற வடிவங்களால் திரைச்சீலைகளை நிரப்பினார். அவை மகத்தான ஓவியங்கள், ஐயமில்லை. வாசிக்க முடியாத எழுத்தை எழுதியவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், ஊரே வாசித்த எழுத்தை எழுதியவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதவில்லை. இதை மற்றவர்கள்மீது குற்றச்சாட்டாகச் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. காரணம் இனி வருகிறது.

பேச்சினூடே நாங்கள் ஒரு காலத்தில் சிற்றிதழ் நடத்தியதைச் சொல்லிக்கொண்டோம். (எப்படியாவது அதைச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.) 1991 முதல் 1994 வரை, திருநெல்வேலியிலிருந்து, ஒன்பது இதழ்கள். மாணவி அமைதியாகக் கேட்டுவிட்டு, “தலைப்பு எழுத்து யாரு எழுதினது சார்?” என்றார்.

எங்களுக்குத் தெரியவில்லை.

அச்சகத்துக்கு எதிரே திண்ணையில் ஒருவர் பலகை எழுதிக்கொண்டிருப்பார். முதல் இதழுக்கு முந்தைய நாள், ஆர்ட் பேப்பரில் கறுப்பு மையால் இதழின் பெயரை எழுதித் தந்தார். முப்பது ரூபாயும் ஒரு தேநீரும் கொடுத்தோம். அதிலிருந்து துத்தநாகப் பிளாக் எடுத்து ஒன்பது இதழ்களுக்கும் அதையே பயன்படுத்தினோம். ஒவ்வோர் இதழின் கடைசிப் பக்கத்திலும் நன்றி என்று ஒரு பட்டியல் உண்டு. கடனுக்குக் காகிதம் தந்தவர், மெய்ப்புப் பார்த்தவர், சந்தா சேர்த்தவர், இரவில் இதழ்களை மடித்த நண்பர்கள், அவர்களுக்குச் சோறு போட்ட வீட்டார். எழுத்தை எழுதியவர் அதில் இல்லை. மறந்து விடுபட்டதன்று, அவரிடம் பெயரைக் கேட்கவே இல்லை. அந்த இதழின் பழைய பிரதிகளை இன்றும் யாராவது நினைவுகூர்ந்தால், அட்டையில் அந்த எழுத்து நின்ற விதத்தைத்தான் முதலில் சொல்வார்கள். நாங்கள் அச்சிட்ட கவிதைகளில் எத்தனை அப்படி நினைவில் நிற்கின்றன என்ற கணக்கை இங்கே எடுக்க விரும்பவில்லை.

மாணவி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் எங்களுக்குள் ஒரு விவாதம். அவர் அப்பாவின் எழுத்தை எழுத்துருவாக முடித்தபின் என்ன செய்ய வேண்டும்? தமிழுக்குக் கட்டற்ற எழுத்துருக்கள் மேலும் வேண்டும், பொதுவில் விட்டுவிட வேண்டும் என்றார் ஒருவர். கூகுள் போன்ற நிறுவனங்கள் இலவசமாகத் தரும் எழுத்துருக்களால் தமிழ்ப் பதிப்புலகம் அடைந்த நன்மை கண்கூடு; அதை மறுப்பதற்கில்லை. மற்றவர் கேட்டார்: ஏற்கெனவே ஒரு தொழில்நுட்பம் அந்த மனிதரின் பிழைப்பைப் பறித்தது, இப்போது அவர் கையையும் இலவசமாகத் தரச்சொல்வது எந்த ஊர் நியாயம்? அப்பாவின் எண்ணத்தை மாணவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். முதலில் அவருக்கு அந்தப் பணியே பிடிக்கவில்லையாம். “அவசரத்துல எழுதுன தப்பையெல்லாம் எதுக்குத்தா படம் புடிச்சு மாட்டி வச்சிருக்க? நல்லா எழுதுனதெல்லாம் வெள்ளையடிச்சுட்டானுவளே” என்றாராம். எழுத்துருவைப் பற்றிச் சொன்னபோது, யார் வேண்டுமானாலும் தட்டினால் தன் எழுத்து வந்துவிடுமா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டாராம். பிறகு, கட்சிக்காரர்கள் தட்டினாலுமா என்று கேட்டாராம். தேர்தல் முடிந்தபின் சுவர் எழுதிய கூலிக்காக அவர் எத்தனை படியேறி இறங்கியிருக்கிறார் என்பது அந்தக் கேள்வியில் இருக்கிறது.

எங்கள் கருத்து இது. இறுதி முடிவு அந்தத் தந்தையினுடையது, மகளுடையதுகூட அன்று. கல்லூரியின் மதிப்பெண்ணுக்காகச் செய்த பணி என்பதனால் அது கைமாறிவிடாது. அவர் விலைக்குத்தான் தருவேன் என்றால், பதிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஓர் அட்டை ஓவியத்துக்குக் கொடுக்கும் தொகையை அட்டை எழுத்துக்கும் கொடுப்பதால் எந்தப் பதிப்பகமும் மூழ்கிவிடாது. பணத்தைவிட எளிய ஒன்றும் இருக்கிறது. ஆங்கில நூல்களின் கடைசிப் பக்கத்தில், இந்நூல் இன்ன எழுத்துருவில் கோக்கப்பட்டது, அதை வடிவமைத்தவர் இன்னார் என்று ஒரு சிறு குறிப்பைச் சில பதிப்பகங்கள் நெடுங்காலமாகப் போட்டுவருகின்றன. தமிழில் அட்டை வடிவமைப்பாளர் பெயர் இப்போது பரவலாக வருகிறது, நல்லது. உள்ளே முந்நூறு பக்கம் நம் கண் எதன்மீது நடந்துபோகிறதோ அதற்குப் பெயரும் இல்லை, பெற்றோரும் இல்லை. உரிமைப் பக்கத்தில் ஒரு வரி கூடுதலாக அச்சிட மை எவ்வளவு செலவாகும்? இதைப் படிக்கும் பதிப்பாள நண்பர்கள் ஐந்தாறு பேராவது உண்டு. அவர்கள் அடுத்த நூலிலேயே தொடங்கலாம். எங்கள் பழைய இதழ்களைத் தொகுத்து நூலாக்கும் வேலை நடந்துவருகிறது. அதில் இந்த வரி இருக்கும் என்று அறிவித்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்கிறோம்.

அப்படி அறிவித்தபின் அந்த வரியில் போடப் பெயர் வேண்டுமே. திருநெல்வேலியில் அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி பழுதுபார்க்கும் கடை, எதிர்த்திண்ணை இடிந்துவிட்டது. தெருவில் விசாரித்ததில் பயன் ஒன்றும் இல்லை. வேறு வழி தோன்றாமல், மூன்றாம் இதழின் அட்டையை நகலெடுத்து மாணவிக்கு அனுப்பி, அப்பாவிடம் காட்ட முடியுமா என்று கேட்டோம். ஒரு வாரம் கழித்துப் பேசினார். அப்பா நகலை வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் வைத்து, நெடுநேரம் பார்த்திருக்கிறார்.

“இது போர்டுக்காரன் கை இல்லத்தா. சினிமா பேனர் எழுதிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். பாரு, தட்டை பிரஷ்லயே எழுதல. நிழலை எடது பக்கம் விட்டிருக்கான், மதுரப்பக்கம் அப்படி விடுறவுக ரெண்டு மூணு பேருதான் இருந்தாக.” பிறகு எங்கள் இதழின் பெயரை விரலால் ஒருமுறை காற்றில் எழுதிப் பார்த்து, கடைசி எழுத்தில் நிறுத்தி, “இவ்வளவு நேரம் எடுத்து எழுதியிருக்கானே, என்ன குடுத்தாங்களாம்?” என்று கேட்டிருக்கிறார்.

மதுரையில் இருந்த ஒருவரின் பெயரையும், அவர் எழுதிக்கொண்டிருந்த தெருவையும் சொல்லியிருக்கிறார். அவர் இப்போது இருக்கிறாரா என்பது அவருக்கும் தெரியாது. இம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவர இருக்கிறோம்.